மலையில் நட்ட மரமும் சமவெளியில் குடிக்கும் நீரும்

கோடை விடுமுறையில் உதகைக்குப் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். குளிர்ந்த காற்றோடு தைல வாசமும் உள்ளே வரும். சாலையோரம் நெடிதுயர்ந்த கற்பூர மரங்கள். அவற்றுக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. இயற்கை என்றால் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தப் பசுமையில் பெரும்பகுதி கடந்த இருநூறு ஆண்டுகளில் மனிதர்கள் கொண்டுவந்து வைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கற்பூர மரம் என்று மலைமக்கள் சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலை சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது. கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும்கூடக் கடல் கடந்து வந்த பயிர்கள்தாம். வந்ததெல்லாம் தீது என்று சொல்ல இதை எழுதவில்லை. இவை வந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, அது போனதால் யாருக்கு என்ன குறைந்தது, அந்தக் குறையை யார் யார் சேர்ந்து நிரப்ப வேண்டும் என்பதை நாம் கூடிப் பேசியாக வேண்டும்.

நீலகிரியின் மேட்டுப் பரப்பில் முன்பு இருந்தவை இரண்டு. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த, குட்டையான, பாசி படர்ந்த சோலைக்காடு. மீதிச் சரிவெல்லாம் திறந்த புல்வெளி. இரண்டும் அருகருகே, எல்லைக்கோடு போட்டாற்போல் நிற்கும். மரம் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்று முதலில் வந்த வெள்ளையர்களுக்கும் புரியவில்லை. காட்டை வெட்டியோ எரித்தோதான் புல்வெளி உண்டாகியிருக்க வேண்டும் என்று நெடுநாள் நம்பினார்கள். உண்மையில், குளிர்காலத்து இரவுகளில் திறந்த சரிவில் விழும் உறைபனியைச் சோலை மரக்கன்றுகளால் தாங்க முடிவதில்லை. அதைத் தாங்குவது புல். நீலகிரியின் சதுப்புகளில் படிந்திருக்கும் பழைய கரிமண்ணை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியது. ஈரமும் குளிரும் மாறியபோதெல்லாம் புல்லும் சோலையும் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கின்றன. இந்தப் புல்வெளி யாரோ காட்டை அழித்ததால் வந்த பொட்டல் அன்று. அதுவே இந்த மலையின் பழைய குடி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மலையில் பெய்யும் மழையைப் பிடித்து வைப்பது புல்லும் சோலையும் சேர்ந்த இந்த இணைதான். புல் குறைவாகவே நீரைக் குடிக்கும். மழை அதன் வேர்களினூடே மண்ணுக்குள் இறங்கும். அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சதுப்புக்கும், சோலைக்குள் ஓடும் ஓடைக்கும் மெல்லக் கசியும். தென்மேற்குப் பருவம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும், தையிலும் மாசியிலும் கூட ஓடை வற்றாமல் ஓடுவது இதனால்தான். அந்த ஓடைகள் சேர்ந்துதான் குந்தாவும் பைக்காராவும் மாயாறும் பவானியும் ஆகின்றன. மாயாறும் பவானியும் பவானிசாகரில் கலந்து, பிறகு காவிரியில் சேர்கின்றன.

இந்த நிலத்தில் மனிதர் இல்லாத காலம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு ஏங்குவதும் பிழை. தோடர்கள் தங்கள் எருமைகளைப் புல்வெளியில் மேய்த்தார்கள். கோத்தர்கள் இரும்பும் மண்பாண்டமும் செய்தார்கள். படகர்கள் சாமையும் கோதுமையும் விளைவித்தார்கள். குறும்பரும் இருளரும் சரிவுக்காடுகளை நம்பி வாழ்ந்தார்கள். மேய்ச்சலும், காலம் பார்த்து இட்ட தீயும் புல்வெளியின் வாழ்வில் கலந்தே இருந்தன. மனிதக் கை பட்டதாலேயே நிலம் கெடுவதில்லை. எவ்வளவு வேகமாக, எதற்காக, யார் முடிவெடுத்து நிலத்தை மாற்றினார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அந்த வேகம் 1819இல் தொடங்கியது. அந்த ஆண்டு கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு எழுந்தது, ஓடையை மறித்து ஏரி அமைந்தது. வெயிலிலிருந்து தப்ப வந்தவர்களால் ஊர் பெருத்தது. குளிர்காய விறகு வேண்டும், வீடு கட்டப் பலகை வேண்டும். சுற்றியிருந்த சோலைகள் வெட்டுப்பட்டன. சில பத்தாண்டுகளிலேயே விறகுக்குப் பஞ்சம் வரும் என்ற அச்சம் எழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்கள் கொண்டுவரப்பட்டதன் பின்னணி இதுதான். 1830களில் வாட்டிலும் 1840களில் யூகலிப்டஸும் சோதனையாக நடப்பட்டன. பிறகு தோப்புத் தோப்பாகப் பெருகின. சோலையை வெட்டாமல் இருக்க வேறு மரம் நடுவோம் என்று அன்று சிலர் உண்மையாகவே எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் நட இடம் தேடியபோது, அவர்கள் கண்ணுக்கு ‘காலியாக’ இருந்தது புல்வெளி. அங்கே மேய்த்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

காப்பியும் சின்கோனாவும் தேயிலையும் அதே நூற்றாண்டில் வந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா, நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் பயிரானது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் ரயில் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை எட்டியது. கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு முதல் உந்துதல் தந்தது இந்த மலையிலிருந்து விழுந்த நீர் என்று சொன்னால் மிகையாகாது.

விடுதலைக்குப் பிறகு வேகம் குறையவில்லை, கூடியது. வெள்ளையர் காலத்தில் நடந்தது மட்டும்தான் சுரண்டல் என்று கணக்கை முடித்துவிட நமக்கு ஆசை வரும். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில்தான் புல்வெளிகள் மிக விரிவாக மரத்தோட்டங்கள் ஆயின. தோல் பதனிடும் தொழிலுக்கு வாட்டில் பட்டை வேண்டியிருந்தது. செயற்கை இழை செய்யும் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. சிறுமுகையில் இருந்த அந்த ஆலை பவானி ஆற்றையும் கெடுத்து, பின்னர் மூடப்பட்டது தனிக் கதை. கனடாவின் உதவியோடு வந்த குந்தா மின் திட்டத்துக்காக அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று அணைகள் எழுந்தன. பள்ளத்தாக்குப் புல்வெளிகள் நீருக்கடியில் போயின. நாட்டை நிமிர்த்த வேண்டும் என்ற நேர்மையான வேகம் அது. 1988இல் தேசிய வனக் கொள்கை வந்த காலத்தில்தான் புல்வெளியில் அயல்மரம் நடுவது பெருமளவு ஓய்ந்தது. நடுவது நின்றாலும் பரவுவது நிற்கவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு காத்திருந்து முளைக்கும். வெட்டினால் வேரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். நட்ட எல்லையைத் தாண்டி, யாரும் நடாத புல்வெளிக்குள்ளும் அது இன்று ஏறிக்கொண்டிருக்கிறது.

இதனால் நீருக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விக்கு நீலகிரியிலேயே, பல ஆண்டு பொறுமையோடு அளந்து கண்ட விடை இருக்கிறது. உதகையில் உள்ள மத்திய மண்–நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர், கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1970களில் யூகலிப்டஸ் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பத்தாண்டுகள் கொண்ட முதல் சுற்றில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடு. மழை இல்லாத மாதங்களில் ஓடையைக் காக்கும் கசிவுநீரும் இதில் அடங்கும். மழைக்கால வெள்ளம் மட்டும் குறைந்திருந்தால் நன்மை என்றுகூடச் சொல்லலாம். கோடையில் கிடைக்க வேண்டிய நீரும் அல்லவா குறைந்தது!

மரம் நட்டால் மழை, மரம் நட்டால் நீர் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிப் பழகிய நமக்கு இந்த முடிவை ஒப்ப மனம் வராது. சமவெளியில் வெட்டவெளியாய்க் கிடக்கும் இடத்தில் வேம்போ புங்கமோ நடுவது நல்லதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் புல்வெளியில், அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத, தாகம் மிகுந்த மரத்தை நடுவது வேறு. இன்னமும் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு அமைப்பு ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகளோடு மலையேறிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. நல்லெண்ணம் இருந்தால் போதாது, இடமறிய வேண்டும் என்பதை அவர்களுக்கு அன்போடு சொல்லியாக வேண்டும்.

இனி, இந்தக் கதையில் மிகவும் கவனத்தோடு பேச வேண்டிய பகுதி. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத்தில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தும் குடியுரிமை இழந்து நின்ற தமிழர்களில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு வேலையும் குடியிருப்பும் தருவதற்காக நீலகிரியில், குறிப்பாகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில், அரசு வன நிலத்தைத் திருத்தித் தேயிலை நட்டது. 1968இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. இரண்டு நாடுகளும் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இடம் பெயர்க்கப்பட்ட மக்கள் அவர்கள். காட்டைத் திருத்தித் தோட்டம் அமைத்த உழைப்பு அவர்களுடையது. முடிவு அவர்களுடையது அல்ல.

2022இல், அந்தத் தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை மீண்டும் வனத்துறைக்குத் தர அரசு முடிவெடுத்தது. நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது, நிலம் காட்டுக்குத் திரும்பினால் நல்லதுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அது இரண்டாம் முறை வேரைப் பிடுங்குவதாகவே இருந்தது. அவர்கள் தெருவுக்கு வந்து குரல் கொடுத்ததில் வியப்பில்லை. காட்டை மீட்பது சரி. அதன் முழுச் சுமையையும் ஊதியம் குறைந்த, சொந்த வீடு இல்லாத ஒரு கூட்டத்தின் தோளில் ஏற்றுவது சரியல்ல. நிலத்தைத் திரும்ப எடுக்கும் எந்த அரசாணையிலும், அங்கே வாழ்கிறவர்களுக்கு வீட்டுப் பட்டாவும் மாற்று வேலையும் தருவதற்கான வழி முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. காடு மீட்கும் வேலையே அந்த மாற்று வேலையாக இருக்க முடியும்.

இன்று நீலகிரியில் யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடும் சிறு விவசாயி, பெரிய எஸ்டேட்களைக் காட்டுகிறார். எஸ்டேட்காரர்கள், சதுப்பை வடித்துக் கேரட் போடுகிறவர்களையும் பூச்சிமருந்தையும் காட்டுகிறார்கள். காய்கறி விவசாயி, பள்ளத்தாக்கில் எழும் விடுதிகளைக் காட்டுகிறார். விடுதி நடத்துகிறவர், பயணிகள் வீசிப்போகும் குப்பையைக் காட்டுகிறார். பயணி நகராட்சியைச் சாடுகிறார். மேய்ச்சல் நிலம் சீகையால் மூடப்பட்ட தோடர்கள் வனத்துறையைக் கேட்கிறார்கள்; வனத்துறையோ அன்றைய அரசின் கொள்கை அது என்கிறது. ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஒவ்வொருவருக்கும் அன்று ஒரு நியாயமான தேவை இருந்தது. விறகு, மருந்து, மின்சாரம், பிழைப்பு, புகலிடம், ஓய்வு. தேவைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த மொத்தத்துக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லாமல் போனார்.

நகரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உதகை ஏரி இன்று இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. குதிரைப் பந்தயத் திடல் அமைந்ததும் பேருந்து நிலையம் நிற்பதும் பழைய நீர்ப்பரப்பில். கோடப்பமந்து கால்வாய் வழியாகக் கழிவுநீர் ஏரியில் சேர்வது ஊரறிந்த செய்தி. சரிவுகளை வெட்டி எழுப்பிய கட்டடங்கள் என்ன செய்யும் என்பதை 2009 நவம்பர் மழை காட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்சரிவில் போயின. 1978இலும் 1993இலும் அதே பாடம் சொல்லப்பட்டிருந்தது. மலைக்கென்று தனிக் கட்டட விதிகள் 1993 முதல் இருக்கின்றன. விதியை மீறிக் கட்டிவிட்டு, பிறகு வரன்முறைப்படுத்தக் கேட்டு நிற்பதும், தேர்தல் நெருங்கும்போது எல்லாக் கட்சிகளும் அதற்குத் தலையாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. மழையின் போக்கும் இப்போது பழையபடி இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை உள்வாங்கச் சரிவில் புல்லும் பள்ளத்தில் சதுப்பும் வேண்டும். கான்கிரீட் தளம் அதை அப்படியே கீழ்வீட்டின் மேல் தள்ளிவிடும்.

ஆனால் மலை மக்கள் கூடினால் முடியும் என்பதற்கும் இந்த மாவட்டமே சான்று. நாடு முழுவதும் நெகிழித் தடை பற்றிப் பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே, 2000ஆம் ஆண்டையொட்டி, நீலகிரி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியர் முன்னின்றார் என்பது உண்மை. அவரோடு கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மகளிர் குழுக்களும் நின்றதால்தான் அது நிலைத்தது. தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019இல்தான் வந்தது. அதற்கு மாறாக, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதத்தில் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது வணிகர்கள் கலங்கினார்கள். மறு ஆண்டு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வணிகர்களின் கவலையைப் புறந்தள்ள முடியாது. சீசன் இரண்டு மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டும் குடும்பங்கள் பல. எத்தனை வண்டி என்ற எண்ணிக்கையை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? மலையின் குடிநீரும் சாலையும் கழிவு வாங்கும் திறனும் எவ்வளவு தாங்கும் என்பதை வணிகர்கள், உள்ளாட்சி, குடியிருப்போர் கூடி முடிவு செய்திருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

இவ்வளவு நேரமும் பேசியது மலையைப் பற்றி. இந்தக் கூட்டத்தில் பெயர் சொல்லப்படாமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் சமவெளியில் வாழும் நாம். பில்லூர் அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. பவானி ஆற்றை நம்பித் திருப்பூரின் வீடுகளும் இருக்கின்றன. பவானிசாகரிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் 2 இலட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் தருகிறது. கோபியின் நெல்லும் மஞ்சளும் அந்த நீரில் விளைகின்றன. கால்வாயில் தண்ணீர் திறப்பு தள்ளிப்போகும்போது விவசாயிகள் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். அணைக்கு மேலே, ஓடை பிறக்கும் இடத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அங்கே புல் நிற்கிறதா, சீகை நிற்கிறதா என்பது கோபிச்செட்டிபாளையத்து விவசாயியின் பிரச்சினை. கோவை பீளமேட்டில் குழாய் திறக்கும் வீட்டுக்காரரின் பிரச்சினையும் அதுவே.

ஆகவே நம் முதல் கோரிக்கை சமவெளியை நோக்கியது. பவானி நீரைப் பெறும் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தங்கள் குடிநீர்க் கட்டண வருவாயில் ஒரு சிறு பங்கை மலையின் நீர்ப்பிடிப்பை மீட்பதற்கென்று ஒதுக்க வேண்டும். நீரை எடுக்கும் ஆலைகள் கூடுதலாகத் தர வேண்டும். மலையிலிருந்து நீர்மின்சாரம் எடுக்கும் மின்வாரியமும் இதில் சேர வேண்டும். அணைகளில் சேரும் வண்டல் குறைந்தால் அதற்கும் ஆதாயம்தான். விவசாயிகளிடம் பணம் கேட்க வேண்டியதில்லை. பாசன சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேலே ஏறி வந்து, பணம் எங்கே செலவாகிறது என்று பார்த்துக் கேள்வி கேட்டால் போதும். அதைவிட நல்ல தணிக்கை கிடையாது.

அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பதிலும் அவசரம் கூடாது. அயல்மரம் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளச் சொல்லும் குரல்கள் இப்போது கேட்கின்றன. அது பழைய தவறையே தலைகீழாகச் செய்வதாகும். செங்குத்துச் சரிவில் மொத்தமாக வெட்டினால் அடுத்த மழையில் மண் இறங்கும். வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழுந்ததும் புதைந்திருக்கும் சீகை விதைகள் காடாய் எழும். மேலும், முதிர்ந்த அயல்மரத் தோப்புகள் சிலவற்றின் நிழலில், உறைபனியிலிருந்து காப்புக் கிடைத்ததால், சோலைக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. அங்கே கோடரிக்கு வேலையில்லை, பொறுமைக்குத்தான் வேலை. முதலில் கைவைக்க வேண்டியது புல்வெளியின் விளிம்பில் இப்போதுதான் ஏறிவரும் இளஞ்சீகையில். அதைப் பிடுங்குவது எளிது, செலவும் குறைவு, மீதமிருக்கும் புல்வெளியும் தப்பும். பிடுங்கிய இடத்துக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு என்று திரும்பத் திரும்பப் போய்க் களையெடுக்க வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் செலவைக் காட்டி முடிக்கும் அரசு வழக்கத்துக்கு இது ஒத்துவராது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் கொள்கை வெளியிட்டது பாராட்டத்தக்கது. அதற்கு நீண்டகால நிதி உறுதி இல்லையென்றால் அது வெட்டும் ஒப்பந்தமாக மட்டுமே முடியும்.

புல்லை மறுபடி வளர்க்கத் தெரிந்தவர்கள் யார்? எந்தச் சரிவில் எந்தப் புல், எந்தச் சதுப்பில் எந்த நாணல் என்று அறிந்தவர்கள் தோடர்கள். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதற்கென்றே சதுப்பில் வளரும் தனிப் புல் ஒன்று உண்டு. அது கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது. குறும்பருக்கும் இருளருக்கும் பணியருக்கும் கீழ்ச்சரிவுக் காடுகள் தெரியும். முதுமலைப் பக்கம் அடர்ந்துவிட்ட உண்ணிச்செடியை அகற்றும் வேலையில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் கூலியாட்களாக மட்டுமே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தைத் தருகிறது. தமிழ்நாட்டில் அது மிகத் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. எங்கே தொடங்குவது, எதை விடுவது, எப்போது மேய்ச்சலை அனுமதிப்பது என்ற முடிவுகளில் அவர்களுக்கு வாக்கு வேண்டும். முகூர்த்தி புல்வெளியில் வரையாட்டைக் காப்பதற்கான அரசின் திட்டம் நல்ல திட்டம்; மாநில விலங்கு வாழ அந்தப் புல் வேண்டும். அந்தப் புல்லோடு வாழ்ந்த மனிதர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் திட்டம் நீடிக்கும்.

தேயிலையை நம்பிய குடும்பங்களிடம் தேயிலையைப் பிடுங்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்குத் தேயிலையை எடுத்துவிட்டுச் சோலை மரங்களை நட முன்வருவோருக்கு, அந்த நிலத்தின் விளைச்சலுக்கு ஈடாக ஆண்டுதோறும் தொகை தரலாம். சமவெளி தரும் பங்கு அதற்கும் உதவும். காய்கறி விளையும் பள்ளங்களில் இன்னும் வடிக்கப்படாமல் இருக்கும் சதுப்புகளை இனித் தொடுவதில்லை என்று ஊராட்சிகள் தீர்மானம் போடலாம். படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பெரியவர்கள் கூடி எடுக்கும் முடிவுக்கு எந்த அரசாணையையும்விட மதிப்பு அதிகம். கட்டுமானத் துறையினர், சரிவின் கோணம் பார்க்காமல் வரைபடம் தரும் பொறியாளர்களைத் தாங்களே தள்ளிவைக்க வேண்டும். சுற்றுலா போகும் நாம் எல்லாரும் ஒரே வாரத்தில், மலர்க்காட்சி நாட்களில் மட்டும் போய் நெரிப்பதை விடலாம். போகிற இடத்தில் இரண்டு நாள் தங்கி, குடிநீர்ப் புட்டியும் பையும் கையோடு கொண்டுபோகலாம். சிறியவைதாம். ஆண்டுக்கு இலட்சக்கணக்கானோர் செய்தால் சிறியவையாக இரா.

இதற்கெல்லாம் ஒரு மேசை வேண்டும். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்கும் சேர்த்து பவானி நீர்ப்பிடிப்புக்கென்று ஒரு பொது அவை அமைய வேண்டும். வனத்துறை, நீர்வளத்துறை, மின்வாரியம், உள்ளாட்சிகள், பழங்குடி கிராமசபைகள், சிறு தேயிலை விவசாயிகள், தோட்டத் தொழிலாளர், கீழ்பவானிப் பாசனத்தார், விடுதி உரிமையாளர்கள் என எல்லாரும் சம இருக்கையில் உட்கார வேண்டும். அட்டப்பாடி வழியாகவும் பவானி ஓடுவதால் கேரளத்தையும் அழைக்கலாம். முதல் கூட்டத்தில் பெரிய பெரிய தீர்மானங்கள் வேண்டாம். மேல் பவானியிலும் அவலாஞ்சியிலும் மீதமிருக்கும் புல்வெளிகளின் வரைபடத்தை விரித்து, சீகை ஏறிவரும் விளிம்புகளைக் குறித்து, அடுத்த பருவமழைக்கு முன் எந்தச் சரிவில் யார் பிடுங்குவது, பத்தாண்டுகளுக்கு அதன் கூலியை எந்த ஊரின் குடிநீர்க் கணக்கிலிருந்து தருவது என்பதை முடிவு செய்தால் போதும்.